படமா, எழுத்தா?: எல்லைப்புற வணிகக் குறிகளின் மொழி வரலாறு

கேரள மாநிலம் பாலக்காட்டு மாவட்டத்தில், சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி முதலமடை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இதற்கு ஒரு நிலையம் உண்டு. பறம்பிக்குளக் காடுகள் இவ்வூராட்சிக்குள் அடங்குவன. தமிழும் மலையாளமும் வீட்டிலும் கடைத்தெருவிலும் கலந்து வழங்கும் இவ்வூர் இன்று மாம்பழத்தால் பெயர் பெற்றுள்ளது. பிற பகுதிகளின் பழம் சந்தையை எட்டும் முன்னரே இங்கு அறுவடை தொடங்கிவிடுவதால், முதலமடைப் பெட்டிகள் கேரளத்திலும் தமிழகத்திலும் மட்டுமன்றி வட இந்திய நகரங்களிலும் விலைபோகின்றன. ஆகவே ஒரே பெட்டியை மலையாள எழுத்தை மட்டும் அறிந்தவர், தமிழெழுத்தை மட்டும் அறிந்தவர், நாகரி எழுத்தை மட்டும் அறிந்தவர், எவ்வெழுத்தும் அறியாத சுமைதூக்குவோர் என்று பலரும் கைமாற்றுகின்றனர். அதன்மீது இடும் குறி படமாக இருத்தல் வேண்டுமா, எழுத்தாக இருத்தல் வேண்டுமா, இரண்டும் கலந்ததாக இருத்தல் வேண்டுமா என்பது ஓவியரின் அழகுணர்ச்சியால் மட்டும் தீரும் வினா அன்று.

இவ்வினாவுக்கு வணிக நூல்கள் தரும் விடை எளியது. எழுத்து மொழிக்குக் கட்டுப்பட்டது. படம் மொழியைக் கடந்தது. எனவே பன்மொழிச் சந்தைக்குப் படமே ஏற்றது என்பர். இக்கூற்று பாதியளவே உண்மை என்பதைத் தமிழ் வழங்கும் நிலப்பகுதிகளின் வணிக வரலாறு காட்டுகிறது. படம் கண்ணுக்குத் தெரிகிறது; ஆனால் வாங்குபவர் கடையில் வாய் திறந்து கேட்கும்போது அப்படத்திற்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. அப்பெயரை அவர் தம் மொழியிலிருந்தே எடுக்கிறார். எழுத்தாலான குறி ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லுங்கால் ஒலிபெயர்க்கப்படுகிறது. படத்தாலான குறியோ மொழிபெயர்க்கப்படுகிறது. இவ்வேறுபாடே ஈண்டு ஆராயப்படுகிறது.

சொற்கள் குறித்து ஒன்று கூறுதல் தகும். இன்று ‘லோகோ’ என்னும் சொல் நிறுவனத்தின் படச்சின்னத்தையே பெரும்பாலும் சுட்டுகிறது. ஆனால் அதன் மூலமாகிய ‘லோகோடைப்’ அச்சுக்கூடத்துச் சொல். பல எழுத்துகளை அல்லது ஒரு முழுச் சொல்லை ஒரே வார்ப்பாக அமைத்த அச்செழுத்தைக் குறித்தது. அதன் முதற்பகுதி கிரேக்கத்தில் ‘சொல்’ என்று பொருள்படும். சொல்லைக் குறித்த பெயர் படத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் இலச்சினை, முத்திரை, சின்னம், பொறி, குறி என்பன இப்பொருட்புலத்தில் வழங்குகின்றன. இவற்றுள் ‘குறி’ என்பது இலக்கணத்தார் பெயர்ச்சொல்லை ஆராயும்போது கையாண்ட சொல்லும் ஆதலால், படத்திற்கும் சொல்லுக்கும் பொதுவான கலைச்சொல்லாக அதனையே இக்கட்டுரை மேற்கொள்கிறது.

புலிப்பொறியும் கண்ணெழுத்தும்

படம், எழுத்து என்னும் இருவகைக் குறிகளும் தமிழிலக்கியத்தில் ஒரே துறைமுகத்தைப் பற்றிய இரு நூல்களில் காணப்படுதல் வியப்பிற்குரியது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டங்களின்மீது சுங்க அலுவலர் சோழரின் புலிப்பொறியை இட்டதைக் கூறுகிறது. அதே நகரின் பண்டசாலையைக் காட்டும் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையோ, வணிகர் தம் பெயரும் எண்ணும் பொறித்த கண்ணெழுத்துகளையுடைய பொதிகளைக் குறிப்பிடுகிறது. முன்னது படம், பின்னது எழுத்து. முன்னது அரசுடையது, பின்னது பொதிக்குரியவருடையது. வரி செலுத்தப்பட்டதா என்பதை எழுத்தறியாக் காவலரும் அறிதல் வேண்டும். அதற்குப் புலி போதும். இப்பொதி யாருடையது, எத்தனையாவது என்பதைக் கணக்கர் அறிதல் வேண்டும். அதற்கு எழுத்தே வேண்டும். அழகு பற்றிய தேர்வன்று இது. யார் பார்க்கிறார் என்பது பற்றிய தேர்வு.

இலக்கியச் சான்றுக்கு அகழாய்வு துணை நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் மேலைக்கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த பெருவழி. அவ்வழியின் கிழக்குப் பகுதியில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. எழுத்தில்லாத கீறற்குறியீடுகள் கொண்ட ஓடுகள் அவற்றினும் மிகுதி. ஒரே ஓட்டில் பெயரும் குறியீடும் சேர்ந்து வருதலும் உண்டு. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசைர் அல்-காதிமில் சாதன், கணன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த ஓடுகளாகக் கிடைத்தன. இவை கலத்துக்குரியவரைச் சுட்டுவனவேயன்றி, பண்டத்தின் தரத்துக்கு உறுதி கூறும் இக்கால வணிகக் குறிகள் அல்ல. ஆயினும் உடைமையைச் சுட்டப் பெயரும் கீறலும் பக்கத்தில் பக்கமாக வழங்கின என்பது தெளிவு. தம் மொழி வழங்காத துறைமுகத்திற்குச் சென்றபோதும் அவ்வணிகர் தம் எழுத்தையே கொண்டு சென்றனர் என்பதும் நோக்கத்தக்கது.

சாப்பா, டிக்கட்டு, மார்க்கு

இடைக்கால வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் மேழி, துலாக்கோல், வாள் முதலிய உருவங்கள் எழுத்தோடு சேர்த்துச் செதுக்கப்பட்டுள்ளன. அவை தனியே ஆராயத்தக்கவை. சந்தைப் பொருளின்மீது ஒட்டும் குறியைப் பொறுத்தவரை பெருமாற்றம் 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. மான்செஸ்டர் நகரத் துணி ஏற்றுமதியாளர் தம் துணிச்சுருளின் முகப்பில் பல வண்ணக் கல்லச்சுப் படத்தாள்களை ஒட்டி இந்தியாவுக்கு அனுப்பினர். ‘டிக்கட்டு’ எனப்பட்ட இத்தாள்களில் தெய்வங்கள், விலங்குகள், பூக்கள், புராணக் காட்சிகள் இடம்பெற்றன. இங்கிலாந்துத் துணியை வாங்கும் இந்தியச் சிற்றூரார் ஆங்கில நிறுவனத்தின் பெயரைப் படிக்கப்போவதில்லை. படத்தைக் கொண்டே அடுத்த முறையும் அதே துணியைக் கேட்பர் என்பது அவ்வணிகரின் கணக்கு.

கேட்பர், ஆனால் எச்சொல்லால் கேட்பர்? இக்கேள்விக்குத் தமிழ் கண்ட விடை ‘மார்க்கு’ என்னும் பின்னொட்டுச் சொல். ‘யானை மார்க்கு’, ‘கிளி மார்க்கு’, ‘சேவல் மார்க்கு’ என, படத்தின் தமிழ்ப்பெயர் முன்னும் கடன்சொல் பின்னும் நின்று, அதன்பின் பண்டத்தின் பெயர் வரும் தொடர் உருவாயிற்று. இத்தொடரில் உற்பத்தியாளருக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது. 1923இல் தொடங்கிய சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும், அதையொட்டி வளர்ந்த அங்குள்ள அச்சுத்தொழிலும், பட்டாசுத்தொழிலும் இத்தொடரமைப்பை நாடெங்கும் பரப்பின. சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் (1951–52) கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டபோது, வாக்காளர் அவற்றைப் பெயரிட்டு அழைக்கத் தயங்காமைக்குக் கடைத்தெருவில் பெற்ற பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

‘மார்க்கு’ வருமுன் ‘சாப்பா’ என்னும் சொல் வழங்கிற்று. ‘சாப்’ என்னும் இந்திச் சொல் ஒருபுறம் ஆங்கிலத்தில் ‘சோப்’ ஆகி முத்திரையைக் குறித்தது; மற்றொருபுறம் மலாயில் ‘சாப்’ என நிலைத்து இன்றும் வணிகக் குறியைக் குறிக்கிறது. சிங்கப்பூரில் 1928இல் தோன்றிய நிறுவனம் ஒன்றின் தைலப் புட்டியில் கோடரிப் படம் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் ‘ஆக்ஸ் பிராண்டு’, மலாயில் ‘சாப் காபாக்’. தமிழகத்திலோ ‘கோடாலித் தைலம்’. நிறுவனம் ஒரு படத்தைத்தான் தேர்ந்தது. அதற்குரிய சொற்களை ஒவ்வொரு மொழியினரும் தத்தம் அகராதியிலிருந்து தந்தனர். இம்மொழிபெயர்ப்பில் எதுவும் இழக்கப்படவில்லை. காரணம், கோடரி என்னும் பொருளுக்கு இம்மொழிகள் அனைத்திலும் ஐயத்திற்கிடமற்ற ஒரு பெயர் உண்டு. எல்லாப் படங்களும் இத்தகையன அல்ல.

பெயர் எளிதில் அமையாத படங்களும் பெயரின்றி விடப்படுவதில்லை. இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1876 ஜனவரி முதல் நாளில் முதலாவதாகப் பதிவான வணிகக் குறி, பாஸ் மதுவடிப்பாலையின் சிவப்பு முக்கோணம். அதனினும் எளிய உருவம் இருத்தல் அரிது. இந்தியாவிலோ 1960களுக்குப் பின் சிவப்பு முக்கோணம் என்றதும் நினைவுக்கு வருவது குடும்பநலத் திட்டமே! பாரத ஸ்டேட் வங்கி 1971இல் மேற்கொண்ட வட்டச்சின்னத்தைச் சாவித்துளை என்பாரும் உளர். அகமதாபாத்து ஏரியின் வடிவம் என்பாரும் உளர். எதையும் சுட்டாத உருவத்தை வரைய வடிவமைப்பாளரால் முடியும். அதனைச் சுட்டாமல் விட்டுவிடப் பேசுவோரால் முடிவதில்லை.

கழுகு என்னும் சொல்

படத்தின் பெயர் எம்மொழியில் வழங்குகிறது என்பது வெறும் ஆராய்ச்சி வினாவாக நில்லாமல் நீதிமன்றம் ஏறியதுண்டு. இந்தியாவில் 1889ஆம் ஆண்டின் வணிகப் பண்டக் குறிகள் சட்டம் போலிக் குறியைக் குற்றமாக்கியது; ஆனால் பதிவேடு எதனையும் அது ஏற்படுத்தவில்லை. பதிவு முறை 1940ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. அச்சட்டத்தின்கீழ் எழுந்த முக்கிய வழக்குகளுள் ஒன்றில் ஒருபக்கம் நின்றது சிதம்பரத்தில் தையல்நூல் உற்பத்தி செய்த நேஷனல் சூயிங் திரெட் கம்பெனி. மறுபக்கம் நின்றது ஜேம்ஸ் சாட்விக் சகோதரர்கள் என்னும் ஆங்கில நிறுவனம். சாட்விக் நிறுவனத்தின் நூலுக்கு ‘ஈகிள்’ குறி இருந்தது. சிதம்பரம் நிறுவனமும் முதலில் ‘ஈகிள்’ என்றே வழங்கி, மறுப்பு எழுந்தபின் சொல்லை மாற்றி, சிறகு விரித்த பறவையின் படத்தோடு ‘வல்ச்சர் பிராண்டு’ என்று பதிவு கோரியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1953இல் சிதம்பரம் நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. குறி மக்களை மயக்காது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பதிவு கோருபவருடையதே என்னும் நெறி அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

சட்ட நூலார் இவ்வழக்கை மேல்முறையீட்டு அதிகாரம் பற்றியும் மெய்ப்பிக்கும் பொறுப்பு பற்றியுமே பெரிதும் மேற்கோள் காட்டுவர். மொழியியலார் கவனத்தைக் கவர வேண்டியது வேறொன்று. ‘ஈகிள்’, ‘வல்ச்சர்’ என்பன ஆங்கிலத்தில் தெளிவாக வேறுபட்ட இரு சொற்கள். ஒன்று பெருமிதம் தருவது, மற்றொன்று அருவருப்புத் தருவது. தமிழ்ப் பேச்சுவழக்கிலோ இரண்டும் ‘கழுகு’. வேறுபடுத்த வேண்டுமாயின் ‘பிணந்தின்னிக் கழுகு’ என அடைகொடுத்தல் வேண்டும். எருவை என்னும் பழஞ்சொல் பேச்சில் வழக்கிறந்தது. பருந்து, கருடன், வல்லூறு என்பன வேறு பறவைகளைக் குறிப்பன அல்லது வட்டாரந்தோறும் மயங்கி வழங்குவன. ஆங்கிலச் சொல்லைப் படியாது படத்தைப் பார்த்து நூல் வாங்கும் தையற்காரர்க்கு அந்நிறுவனம் செய்த மாற்றம் மாற்றமே அன்று. முன்பும் அவர் கேட்டது கழுகு மார்க்கு, பின்பும் கேட்பது அதுவே. நீதிமன்றம் தமிழ்ச் சொற்பொருளை ஆராய்ந்து தீர்ப்பளித்தது என்று ஈண்டுக் கூறவில்லை. மயக்கம் நேருமா என்னும் அளவிலேயே அது வினாவை நோக்கியது. ஆனால் மயக்கத்தின் வேர் எங்குள்ளது என்பதைச் சொற்பொருளியலே விளக்குகிறது. ஆங்கிலத்தில் அமைந்த இரு பெயர்களின் வேறுபாடு, படத்தின் வழியாகத் தமிழுக்குள் நுழைந்தபோது மறைந்துவிட்டது.

எழுத்துக்குறியின் நிலைமை இதற்கு மறுதலையானது. அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்னும் இரு மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில், முன்னதன் பொருள் அமுதத்தின் ஒழுக்கு, பின்னதன் பொருள் லட்சுமணனின் ஒழுக்கு, ஆகவே மயக்கத்திற்கு இடமில்லை என்று அலகாபாத்து உயர் நீதிமன்றம் கருதியது. 1962இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மருந்து வாங்க வரும் பாமரர் சொல்லைப் பிரித்துப் பகுதி விகுதி காண்பதில்லை. முழுச்சொல்லின் ஓசை அவர் மனத்தில் பதிந்துள்ள தேய்ந்த நினைவே அவரை நடத்துகிறது என்பது அதன் நோக்கு. (நீண்டகாலப் பயன்பாட்டைக் கருதி, உத்தரப் பிரதேச எல்லைக்குள் மட்டும் பின்னதன் பதிவுக்கு இடமளிக்கப்பட்டது.) சொற்பிறப்பு கற்றோர்க்கு இத்தீர்ப்பு சற்று வருத்தம் தருவதே. ஆயினும் இரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. படக்குறி பொருளால் மயக்குகிறது. எழுத்துக்குறி ஒலியால் மயக்குகிறது. படத்தைத் தேர்பவர் அப்படத்திற்குச் சந்தை மொழிகளில் என்னென்ன பெயர்கள் உள என்று காணுதல் வேண்டும். எழுத்தைத் தேர்பவர் அச்சொல் அவ்வம்மொழிகளின் ஒலியமைப்பில் எவ்வாறு திரியும் என்று காணுதல் வேண்டும்.

இன்னொரு வகையில், சட்டமும் தமிழிலக்கணமும் ஒரே பாகுபாட்டைச் செய்துள்ளமை குறிப்பிடத்தக்கது. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் பகுக்கும். பண்டத்தின் தன்மையையோ பிறப்பிடத்தையோ சொல்லும் சொல், அதாவது காரணக்குறி, ஒருவருக்கே உரியதாகாது என்று வணிகக் குறிச் சட்டம் தொடக்கத்திலேயே மறுக்கும். பண்டத்தோடு தொடர்பற்ற இடுகுறியை விரைந்து ஏற்கும். காரணக்குறியாகத் தோன்றிப் பயிற்சியால் ஒருவர்க்கே உரியதாகிவிட்ட பெயருக்கும் அச்சட்டத்தில் வழியுண்டு. உரையாசிரியர்கள் ‘காரண இடுகுறி’ என்று கூறும் வகையோடு அது பெரிதும் ஒத்துள்ளது. வணிகர் விரும்புவது பெரும்பாலும் காரணக்குறியையே. தம் பழம் இனியது, தம் ஊர் பெயர் பெற்றது என்று குறியே சொல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். சட்டமும் வணிகரும் மோதும் இடம் இதுவே.

கண்ணன் தேவன்

அம்மோதலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு முதலமடையிலிருந்து தெற்கே, பறம்பிக்குளம், ஆனைமலைக் காடுகளுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மலைகளில் உள்ளது. 1877இல் பூஞ்ஞாற்று அரசர் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர்க்கு எழுதிக்கொடுத்த ஆவணத்தில் இம்மலை கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை எனப்பட்டது. இப்பெயருக்குரியவர் ஒருவர் என்பாரும், கண்ணனும் தேவனுமாகிய இருவர் என்பாரும் உளர். அஞ்சுநாடு என்பது மறையூர், காந்தளூர் முதலிய ஐந்தூர்களைக் குறிக்கும். தமிழ் வழங்கும் நிலம் அது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. 1964இல் டாட்டா நிறுவனம் ஜேம்ஸ் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்தது. அக்கூட்டு நிறுவனம் 1983இல் டாட்டா டீ ஆயிற்று. ஆள்பெயர் மலைப்பெயராகி, மலைப்பெயர் நிறுவனப் பெயராகி, அது தேயிலைப் பொட்டலத்தின் பெயருமாயிற்று.

இதன் பின்னரே கவனத்திற்குரிய நிகழ்ச்சி. 2005இல் மூணாற்றுத் தோட்டங்கள், தொழிலாளரும் அலுவலரும் பெரும்பான்மைப் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்னும் புதிய நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. ஆனால் ‘கண்ணன் தேவன்’ என்னும் தேயிலைக் குறி டாட்டாவிடமே நின்றது. தோட்டங்களை நடத்தும் நிறுவனம் தன் தேயிலையை ‘ரிப்பிள்’ என்னும் வேறு பெயரில் விற்கலாயிற்று. மலையில் தேயிலை பறிப்பவரின் நிறுவனம் அம்மலையின் பெயரைத் தன் பெயரில் தாங்கியுள்ளது; தன் பொட்டலத்தின் முகப்புக்குரிய குறியாக அதனைப் பெறவில்லை. இடப்பெயர் ஒன்று வணிகக் குறியாகி நிலைபெற்றபின் இடத்தினின்றும் பிரிந்து தனியே வாழ இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தென்னிந்தியாவில் அரிது. காரணக்குறி முற்றிலும் இடுகுறியாகிவிட்டது எனலாம்.

இக்குறி எழுத்துக்குறியாதலால் அதன் ஒலிபெயர்ப்பையும் நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் இதனை எழுதும்போது ணகர மெய் இரட்டிப்பதில்லை. அதனை மட்டும் கொண்டு படிப்பவர் கண்ணனைக் ‘கானன்’ என்றும் படிக்கக்கூடும். மலையாளத்தில் இரண்டாம் சொல்லின் முதலெழுத்து ஒலிப்புடைய தகரத்தால் எழுதப்படுகிறது. அதனால் கடவுள் என்னும் வடசொற்பொருள் முன்னிற்கிறது. தமிழெழுத்தில் ஒலிப்புடைய தகரத்திற்கும் ஒலிப்பிலாத் தகரத்திற்கும் ஒரே வரிவடிவம் ஆதலால், ‘தேவன்’ கடவுளாகவும் நிற்கும்; மலைநாட்டு ஆள்பெயராகவும் நிற்கும். ஒரே பெயர் மூன்று எழுத்துகளில் மூன்று விதமாகச் சாய்கிறது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று இது. ஒவ்வோர் எழுத்துமுறையும் தன்னிடம் உள்ள வேறுபாடுகளை மட்டுமே காட்டும்.

மடையும் சர்க்கரையும்

இனி முதலமடைப் பெட்டிக்கு மீளலாம். அதன்மேல் எழுத்தாக இடக்கூடிய பெயர்கள் மூவகை. முதலாவது பழத்தின் வகைப்பெயர். இங்கு விளையும் வகைகளுள் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் குறிப்பிடத்தக்கவை. வகைப்பெயர் தனியொருவர் குறியாகாது என்பது ஒருபுறமிருக்க, இவ்விரு பெயர்களும் புவிசார் குறியீடுகளாக வேறிடங்களுக்குப் பதிவாகியுள்ளன: பங்கனப்பள்ளி 2017இல் ஆந்திரப் பிரதேசத்திற்கும், அல்போன்சா 2018இல் மகாராட்டிரத்துக் கொங்கணப் பகுதிக்கும். முதலமடை வணிகர் பெரிதும் நம்பிவந்த இரு பெயர்களும் இவ்வாறு பிற நிலங்களின் பெயர்களாயின. இரண்டாவது வகை ஊர்ப்பெயர். அது ஊரார் அனைவர்க்கும் பொது. மூன்றாவது வகை புனைந்து இடும் பெயர். சட்டம் விரும்பும் இடுகுறி அதுவே. ஆனால் புதுப்பெயரை மூன்று மொழிச் சந்தையில் பதியவைக்கும் செலவு சிறு வணிகரால் எளிதில் தாங்கக்கூடியதன்று.

ஊர்ப்பெயரைப் படமாக்கலாமே எனின், அங்கும் மொழி குறுக்கிடுகிறது. முதல் சொல் முதலையைக் குறிக்கும் என்று கொண்டாலும், இரண்டாம் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் நில்லாது. தமிழ்ச் சொல்லிறுதி ஐகாரம் மலையாளத்தில் அகரமாதல் முறையான திரிபு. மலை ‘மல’வாவதும் தலை ‘தல’யாவதும் போல மடை ‘மட’யாகும். தமிழில் மடை நீர் பாயும் வாயில். மலையாள ‘மட’ குட்டநாட்டு வரப்பின் நீர்வழியையும் அதன் உடைப்பையும் குறிக்கும். விலங்கு பதுங்கும் வளையையும் குறிக்கும். பெட்டியின்மேல் வாய்பிளந்த முதலையை வரைபவர், அறிந்தோ அறியாமலோ, வளை என்னும் பொருளைத் தேர்கிறார். மதகை வரைபவர் நீர்வாயிலைத் தேர்கிறார். எழுத்து இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. படம் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். அன்றியும் மாம்பழத்தின்மேல் முதலையைக் கண்டவர் அதனை ‘முதலை மார்க்கு’ என்றே அழைப்பர். வட இந்தியச் சந்தையில் அது மகர் ஆகும். அப்போது ஊர்ப்பெயர் மறைந்து விலங்கின் பெயர் மட்டும் எஞ்சும்.

படமும் எழுத்தும் கலந்த குறி இச்சிக்கலைத் தீர்க்கும் என்று பெரும்பாலோர் கருதுவர். பெரும்பாலான பெட்டிகளில் காணப்படுவதும் அதுவே. இரண்டையும் ஒரே குறியாகப் பதிந்தால், 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின்படி உரிமை முழுமைக்கே உண்டு; அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தனியுரிமை வேண்டுமாயின் அவ்வுறுப்பைத் தனியே பதிதல் வேண்டும். வாங்குபவர் முழுமையைச் சொல்வதில்லை. படத்தின் பெயரையோ எழுத்தின் தொடக்கத்தையோதான் சொல்வார். பதிவேட்டில் உள்ள குறியும் வாயில் வழங்கும் குறியும் இவ்வாறு வேறாகின்றன.

அஞ்சுநாட்டு மறையூரில் இதே சிக்கல் வேறு வடிவில் உள்ளது. அங்குக் கரும்புச்சாற்றைக் காய்ச்சி உருண்டையாகப் பிடித்துச் செய்யும் இனிப்பு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மலையாளத்தில் அது ‘மறையூர் சர்க்கர’. மலையாளத்தில் ‘சர்க்கர’ வெல்லத்தைக் குறிக்கும். வெண்சீனிக்குப் ‘பஞ்சசார’ என்னும் வேறு சொல் உண்டு. தமிழிலோ ‘சர்க்கரை’ இன்று பெரும்பாலும் வெண்சீனி. சர்க்கரைப் பொங்கல், நாட்டுச் சர்க்கரை என்னும் தொடர்களில் மட்டுமே பழம்பொருள் எஞ்சியுள்ளது. மலைக்குக் கீழே உடுமலைப்பேட்டைச் சந்தையில் நிற்பவர்க்கு ‘மறையூர் சர்க்கரை’ என்று ஒலிபெயர்த்தால் பண்டமே மாறித் தோன்றும். ‘மறையூர் வெல்லம்’ என்று மொழிபெயர்த்தால் குறி மாறிவிடும். ‘மறையூர்ச் சர்க்கரை’ என்று ஒற்று மிகுத்து எழுதுவதா, பெயரைப் பதிந்தவாறே விடுவதா என்னும் சிறு வினாவும் உண்டு. இலக்கணம் ஒன்று கூறும், பதிவேடு மற்றொன்று கூறும்.

இவ்விடத்தில்தான் மொழிபெயர்ப்பாளரின் பணி சட்டத்தால் வேண்டப்படும் பணியாகிறது. இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றின் எழுத்தல்லாத பிற எழுத்தில் அமைந்த சொல் குறியில் இருப்பின், அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தந்து, அது எம்மொழிச் சொல் என்றும் குறிப்பிடுதல் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கேரளம், தமிழகம் ஆகிய இரு மாநிலத்து விண்ணப்பங்களும் சென்னையில் உள்ள வணிகக் குறிப் பதிவகத்துக்கே செல்கின்றன. முதலமடை வணிகர் ஒருவர் தம் ஊர்ப்பெயரைத் தமிழெழுத்தில் இட்டால் மொழி தமிழ், மலையாள எழுத்தில் இட்டால் மொழி மலையாளம் என்றாகிறது, சொல் ஒன்றே. மொழிபெயர்ப்புக்குரிய கட்டத்தில் நீர்வாயில் என்று எழுதுவதா, வளை என்று எழுதுவதா, பொருளற்ற இடப்பெயர் என்று எழுதுவதா என்பதைப் பொறுத்தே, ஆராயும் அலுவலர் அச்சொல்லைக் காரணக்குறியாகவோ இடுகுறியாகவோ கொள்வார். படமாக மட்டும் விண்ணப்பித்தால் அக்கட்டம் வெறுமையாக விடப்படும். அம்மொழிபெயர்ப்பைப் பின்னர் சந்தை செய்துகொள்ளும்.